மஞ்சள் கோடு போட்ட வீடு

மாநகராட்சி ஆள் முதல் தடவை வந்த அன்று, எங்கள் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் வங்காளத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எதிர்வீட்டில் ஒரு சித்தி மகள். பக்கத்து வீட்டில் மாமியாருடைய தங்கை. கோடி வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று சம்பந்திகள். எங்கள் வீட்டில் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி மாடியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தெரு எங்களுடையது. கல்கத்தாவிலிருந்தும் திரிபுராவிலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வருகிறவர்களுக்கு முதலில் டாக்டர் வேண்டும், அடுத்து அடுப்பு வேண்டும். லாட்ஜில் கட்டில் கிடைக்கும், அடுப்பு கிடைக்காது. அதனால் எங்கள் தெருவில் மாடி கட்டிய எல்லோரும் ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பக்கெட் வைத்து நாள் வாடகைக்கு விடுகிறோம். வாசலில் வங்காள எழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அதிகாரி யாராவது தெருமுனையில் தென்பட்டால் அட்டை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும், மாடியில் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். தையல் செக்‌ஷனில் சேர்ந்து லைன் சூப்பர்வைசர் ஆகி, முட்டி தேய்ந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கையில் வந்த பணத்தில் மாடியில் இரண்டு அறை கட்டினேன். எண்பது தையல் மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி வளர்ந்த குரல் என்பதால் எனக்கு மெதுவாகப் பேச வராது. என் கணவர் ஒடுகத்தூர் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச வேண்டியதையெல்லாம் ஹாரனில் பேசித் தீர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் ஜாஸ்தி.

அப்போது மாடியில் ஒரு அறை காலி, இன்னொன்றில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். கல்கத்தாவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், பத்து நாள் கழித்து ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும், ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த பிறகும், உப்பு கூடாது, வெளியே சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அந்த மனுஷனோ சாம்பாரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். அவள் உப்பில்லாமல் செய்யும் தண்ணியான மீன் குழம்பும் சோறும் மட்டும்தான் அவருக்குள் இறங்கும். வந்த இரண்டாம் நாளே கீழே இறங்கி வந்து, என்னை அக்கா என்று அவர்கள் பாஷையில் ‘தீதி’ போட்டு இந்தியில் கேட்டாள். ஆம்பூரில் முஸ்லிம் பெண்களோடு உட்கார்ந்து தைத்ததில் எனக்கு அந்தப் பாஷை அரைகுறையாக வரும்.

“தீதி, அடுப்பு கடைசி வரைக்கும் இருக்கும் இல்ல? அது இல்லன்னா இவரு பட்டினிதான்.”

“அடுப்பு எங்க போவுது? அதுக்கு இன்னா கால் இருக்குதா?” என்றேன்.

அதற்கு மறுநாள்தான் மாநகராட்சி ஆள் வந்தார். வாலாஜாபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனுஷர், ஒல்லியாக, தோளில் ஒரு ரெக்ஸின் பை. வரி வசூல் பிரிவு. எங்கள் வீட்டுக்கு வரும்போது பதிமூன்று வீட்டுச் சொந்தக்காரர்களைப் பார்த்து முடித்திருந்தார். முகம் ஏற்கெனவே வாடியிருந்தது.

“மாடியில யாரு?”

“தங்கச்சி. ஒண்ணு விட்ட தங்கச்சி” என்றார் என் கணவர். இதுவரை சரி. சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

“எந்த ஊரு?”

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக என் கணவர் வாயில் இருந்த ஒரே ஊர் தானாக வெளியே வந்தது.

“ஒடுகத்தூர்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் படியில் இறங்கி வந்தாள். கையில் வெள்ளைச் சங்கு வளையல், வகிட்டில் நெற்றி வரைக்கும் சிந்தூரம், இடது கையில் கரண்டி.

“ஒடுகத்தூர்ல எந்தத் தெரு தாயே?” என்று கேட்டார் அவர்.

“அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கேன்” என்றாள் அவள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வாக்கியம்.

“வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?”

“அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கேன்.”

“உன் பேரு இன்னா?”

“அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கேன்.”

அவர் காற்றை மோந்து பார்த்தார். “ஒடுகத்தூர்ல எப்பலேர்ந்துங்க கடுகெண்ணெயில மீன் பொரிக்கிறாங்க?” என்று என் கணவரைக் கேட்டுவிட்டு, பையைத் திறந்து நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். “நாள் வாடகைக்கு விட்டா அது விடுதி. விடுதின்னா லைசென்ஸ் வேணும், கடைக்குப் போடற மாதிரி வரி வேணும், கரண்ட்டுக்கு வேற ரேட்டு. ஏழு நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள பதிவு பண்ணலன்னா மாடிக்கு சீல் வெச்சுடுவோம். சும்மா சொல்லலம்மா.”

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் நான் விரல் விட்டு எண்ணினேன். ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தது. சீல் வைக்க ஏழு. அவளிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள் போல. அன்று இரண்டு முறை கீழே வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தால் வேலை செய்வேன். “இன்னாத்துக்குங்க திருடங்க மாதிரி ஒளியணும்? ரூல்ஸ்னா ரூல்ஸ். நாம ரூல்ஸ்படியே நடத்திக் காட்டலாம்” என்று கணவரிடம் கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அது சம்மதமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது.

ரூல்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆடிட். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஃபேக்டரியைப் பார்க்க வருகிறார்கள் என்றால் ஆம்பூரில் ஒரு வாரம் யாருக்கும் தூக்கம் கிடையாது. தரையில் மஞ்சள் கோடு புதுசாகப் போடுவோம். தீயணைப்பான் சிவப்பாக மின்னும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி ஒட்டுவோம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும், ஃபைலில் கையெழுத்து இருக்கும். கோடும் காகிதமும் சரியாக இருந்தால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அதிகாரி என்று பிறந்த எல்லோரையும் இப்படித்தான் குளிர வைக்க வேண்டும் என்று நான் முழுசாக நம்பினேன்.

பழைய தோஸ்த் ஒருத்தி மூலம் ஃபேக்டரி பெயிண்டே ஒரு டப்பா வாங்கிவந்தேன். மாடிப்படி முழுக்க இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்டவர் என் கணவர். கொஞ்சமும் வளையவில்லை. போட்டு முடித்ததிலிருந்து கோட்டைத் தாண்டிக் காலை வைக்கவே மாட்டேன் என்றார், ஓட்டுநர் புத்தி. படிச் சுவரில் ஒரு தீயணைப்பானை மாட்டி, அம்புக்குறி ஒட்டி, மொட்டை மாடிக் கதவில் ‘அவசர வழி’ என்று எழுதி ஒட்டினேன். அந்த வழியாகப் போனால் தண்ணீர் டேங்க் இருக்கிறது, அதற்கு மேல் வானம்தான். பின்பக்க முருங்கை மரத்தடியில் ‘கூடும் இடம்’ என்று ஒரு பலகை. அங்கே நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் சாக்கடையில் நிற்க வேண்டும்.

அத்தோடு விட்டேனா? தீ விபத்து ஒத்திகையும் வைத்தேன். விசில் அடித்தேன். நோயாளிக்கு விலக்கு கொடுத்து நாற்காலியில் பார்வையாளராக உட்கார வைத்தோம். அவருக்கு ரொம்பச் சந்தோஷம், கைதட்டிச் சிரித்தார். அவள் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள், இரண்டு கையிலும் மீன் சட்டியைப் பிடித்துக்கொண்டு.

“நெருப்புன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரணும்!” என்று கத்தினேன்.

“அடுப்ப அணச்சிட்டேன் தீதி. மீன விட்டுட்டு எப்படி வர்றது?”

பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலே எட்டிப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். “உனக்கு இன்னா வந்துச்சு? நீ கோடு போட்டா நாளைக்கு எங்களையும் போடச் சொல்வான். நல்லாத்தானே போய்ட்டிருந்துது? பேஜார் பண்றியே!” நேர்மையாக நடப்பவர்களைப் பார்த்தால் ஊர் இப்படித்தான் பேசும் என்று எனக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த நாலு நாள் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஆறாம் நாள் காலை மாநகராட்சி ஆள் வந்தார். படியில் காலை வைத்தவர் கோட்டைப் பார்த்து நின்றார். அம்புக்குறியைப் பார்த்தார். தீயணைப்பானைத் தட்டிப் பார்த்தார். முருங்கை மரத்தடிப் பலகையை ஜன்னல் வழியாகப் படித்தார். நான் ஃபைலை நீட்டினேன். தங்குகிறவர்கள் பதிவேடு, ஆதார் நகல், ஒத்திகை நடந்த நேரம், எல்லாம் வரிசையாக. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு மாடி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, நான் இன்னிக்கு இன்னா எழுதிட்டுப் போலாம்னு வந்தேன் தெரியுமா?”

“இன்னா சார்?”

“குடும்ப வீடு, உறவுக்காரங்க தங்கியிருக்காங்க, நடவடிக்கை தேவையில்லன்னு. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு வந்த ஜனங்கள நான் எங்க துரத்தறது? நோட்டீஸ் குடுத்தா கொஞ்சம் அடக்கமா இருப்பீங்கன்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா மஞ்சக் கோடு போட்டு வெச்சிருக்கீங்க. மஞ்சக் கோடு போட்ட வீட்ட எங்கியாவது பாத்திருக்கீங்களா? இத நான் எப்படிம்மா வீடுன்னு எழுதறது?”

ஃபைலை அவர் மடியிலிருந்து எடுத்து மூடினேன். ஆனால் ரோஷம் விடவில்லை. “விடுதின்னே எழுதுங்க சார். வரி கட்டறேன். பயமா எனக்கு?”

“எழுதறேன். அப்ப அந்த அடுப்ப எடுத்துடுங்க” என்று உள்ளே கையைக் காட்டினார். “விடுதி அறையில சிலிண்டர் வெக்கக் கூடாது. லைசென்ஸ்ல மொத கண்டிஷனே அதான்.”

தமிழ் தெரியாவிட்டாலும் விரல் எங்கே நீள்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய் சிலிண்டருக்கு முன்னால் நின்றுகொண்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை, சேலையை இழுத்து அதை மறைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் அவள் புருஷன் எழுந்து உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. தெருவே பொய் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்த அடுப்பை நான் ஒருத்தி உண்மை பேசிப் பிடுங்கப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், அந்தப் பெயிண்ட் டப்பாவை எடுத்து என் தலையிலேயே கவிழ்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

“சார், இந்த மனுஷனுக்கு நாளான்னைக்கு ஆபரேஷன். அவ ஆக்கறது மட்டும்தான் அவருக்கு இறங்கும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நாள் வாடகைக்கு விட்டாத்தான் விடுதி. அக்ரிமென்ட் போட்டு மாச வாடகைக்கு விட்டா அது வீடு. வீட்டுல யாரு வேணா சமைக்கலாம். நாளைக்கு மத்தியானம் வர்றேன்.” எனக்காகச் சொன்னாரா, நிலைப்படிக்குச் சொன்னாரா தெரியாது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பத்திரம் எழுதுகிறவர் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

“எத்தன மாசம்மா?”

“எத்தன போடுவாங்க?”

“எல்லாரும் போடறது பதினொண்ணு.”

“அப்ப போடு.”

அடித்து, எடுத்து, நீட்டினார். இரண்டு பேர் பெயரும் இருந்தது. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், அவர் மனைவி இன்னார், இன்று முதல் பதினோரு மாதம் மேற்படி அறையில் குடியிருக்க. அவள் கையெழுத்துப் போடும் முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். பதினோரு மாசம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“யாருக்கு?”

“உனக்கும் உன் வூட்டுக்காரருக்கும். ரெண்டு பேரு பேரும்தான் போட்டிருக்குதே.”

அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். பத்திரம் எழுத வந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. “இன்னாத்துக்கு அழுவுற? பதினோரு மாச வாடகையா கேக்கப் போறேன்? இது சும்மா ஆபீஸுக்கு!” என்று கத்தினேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அதுக்கு இல்ல தீதி. எங்க ஊர் டாக்டர் ரெண்டு மாசம்தான் தாங்குவாருன்னாரு. இங்க, ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சொல்றோம்னாங்க. இவரு பேரப் போட்டு பதினோரு மாசம்னு எழுதின மொத காயிதம் இதான்.”

நான் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பத்திரம் எழுதுகிறவர் ஸ்டாம்ப் பேடைத் தள்ளினார்.

மறுநாள் மத்தியானம் மாநகராட்சி ஆள் வந்து அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “பதினோரு மாசமும் இருப்பாங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஒரு பெரிய பேச்சுக்குத் தயாராக இருந்தேன். அதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

“பதினோரு மாசம். ரெண்டு பேரும்” என்றாள் தமிழில். இதை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் ‘வாடகை வீடு’ என்று எழுதினார். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வரி, வாடகைக்கு விட்டதற்குக் கொஞ்சம் கூட. கட்டிவிடுகிறேன் என்றேன். “தயவு பண்ணி அந்தக் கோட்ட அழிச்சிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், சுரண்டினார். ஃபேக்டரி பெயிண்ட், லேசில் போகுமா? இன்னும் இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்து மூன்று வாரம் மாடியில் இருந்தார்கள். ஒரு நாள், குழம்பில் உப்பே இல்லை என்று அந்த மனுஷன் பெண்டாட்டியைத் திட்டுகிற சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, “திட்டறாரு” என்றார். அன்றைய பத்து வார்த்தையில் ஒன்று. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அவள் அக்ரிமென்ட்டைத் திருப்பித் தருவாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி காகிதங்களோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள்.

“அங்க இது செல்லாதும்மா” என்றேன்.

“தெரியும் தீதி” என்றாள்.

அடுத்த வாரமே இரண்டாவது அறைக்கு ஒரு குடும்பம் வந்து அக்ரிமென்ட் போட்டது, பின்னாலேயே திரிபுராவிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. இனிமேல் எல்லாமே அக்ரிமென்ட்தான் என்று நானும் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். “அந்த ரூமுக்குத்தான் ஏற்கெனவே பதினோரு மாசம் எழுதிட்டீங்களே. ஒரே ரூம ரெண்டு பேருக்கு எழுத முடியாது. பழச ரத்து பண்ணிடலாம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க, முடிஞ்சுது” என்று ஒரு தாளை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். மேலே தையல்காரர், அவர் மனைவி இரண்டு பேர் பெயரும் இருந்தது, அதன் குறுக்கே ‘ரத்து’ என்று அடித்திருந்தது. சும்மா ஒரு காகிதம்தான். ஃபேக்டரியில் இது மாதிரி எத்தனை ஆயிரம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். கை போகவில்லை.

“மாடில மூணாவதா ஒரு ரூம் இருக்குது. அதுக்கு எழுதுங்க” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். திரிபுராக்காரர்களை அதே அறையில், அதே அடுப்போடு தங்க வைத்தேன். அவர்கள் போன பிறகு அந்த அக்ரிமென்ட்டைக் கொஞ்சமும் யோசிக்காமல் ரத்து செய்தேன். அதற்கப்புறம் வந்தவர்களுடையதையும் அப்படித்தான்.

அரை வருஷ வரி போட மாநகராட்சி ஆள் மறுபடி வந்தார். கையில் மூன்று அறைக்கான காகிதம். மஞ்சள் கோட்டுக்கு நடுவே ஏறி மேலே போனார், எண்ணினார். மொட்டை மாடிக்குப் போய் டேங்கைச் சுற்றிப் பார்த்தார். இறங்கி வந்து மறுபடி எண்ணினார்.

“ரெண்டுதானேம்மா இருக்குது. மூணாவது ரூம் எங்க?”

என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “அந்தத் தையல்காரரு ஊருக்குப் போய்க்கீறாரு சார்.”

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். “இருக்கிற ரூம மறைக்கிறவங்களத்தான் இத்தினி வருஷமா பாத்திருக்கேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தில் மூன்று என்று எழுதினார். பதினோரு மாசம் முடிய இன்னும் நான்கு மாசம் இருக்கிறது. மூன்று அறைக்கும் வரி கட்டிவிட்டேன்.